அலையின் உயரம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் கடலுக்கென்று தினமும் ஒரே ஓர் எண் வருகிறது: அலையின் உயரம். மே மாதத்தில் ஒரு நாள் ‘1 மீட்டர்’ என்று இருக்கும். டிசம்பரில் ஒரு நாளும் அதே ‘1 மீட்டர்’ இருக்கும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கரையில் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்குகிறவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு கடல்கள். இன்னும் நான்கு விவரங்களைச் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். அலைகளுக்கு இடையிலான நேரம், அலை வரும் திசை, காற்றின் திசை, ஓத உச்ச நேரம் (கடல் நீர்மட்டம் மிக உயரும் வேளை). இவை ஏன் வேண்டும் என்பது இந்தக் கடலின் பருவங்களைத் தெரிந்துகொண்டால் தானே விளங்கும்.

ஓரிடத்தை ஓர் அலை முகடு கடந்து, அடுத்த முகடு வந்து சேர ஆகும் நொடிகளைத்தான் அலை இடைவெளி என்கிறோம். அருகில் வீசும் காற்று கிளப்பும் அலைக்கு இது 5 முதல் 8 நொடி. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் புயற்காற்றில் பிறந்து இங்கே வந்து சேரும் அலைக்கு 14 முதல் 18 நொடி. 16 நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் நகரும். ஐந்தாறு நாளில் நம் கரையைத் தொட்டுவிடும். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 16 நொடி அலை சுமந்து வரும் ஆற்றல் 7 நொடி அலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அது கடலடித் தரையை உணரத் தொடங்குவதும் வெகு தொலைவிலேயே. ஆழம் குறையக் குறைய நிமிர்ந்துகொண்டே வரும். ஆழ்கடலில் 1 மீட்டர் என்று கணிக்கப்பட்ட அலை கரையில் ஒன்றரை மீட்டரைத் தாண்டி உடைவது அதனால்தான். 7 நொடி அலைக்கு அவ்வளவு வளர்ச்சி கிடையாது.

அலை வரும் திசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரைபடத்தில் மாமல்லபுரத்திலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் அது இலங்கையில் போய் முட்டும். ஆகவே நேர் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும் நெடுந்தூர அலையை இலங்கை மறித்துவிடுகிறது. வளைந்து வரும் மிச்சம்தான் நமக்கு. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி, தென்தென்கிழக்கிலிருந்து, திசைமானியில் சுமார் 150 முதல் 160 பாகைக்குள் வருவது மட்டும் தடையின்றிச் சேரும். கன்னியாகுமரியில் கடல் பொங்கும் நாளில் கோவளத்தில் முழங்கால் அளவுகூட அலை இல்லாமல் போவதும், கைப்பேசிச் செயலியில் ‘2 மீட்டர்’ பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து விடியற்காலையில் வண்டி ஓட்டி வருபவர்கள் ஏமாறுவதும் இந்த மறைப்பால்தான். இடைவெளி 16 நொடி, திசை 155 பாகை என்றால் உயரம் முக்கால் மீட்டர்தான் என்றாலும் பலகையைக் கட்டிக்கொண்டு வரலாம்.

இனிப் பருவங்களுக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை. கரை முழுக்கக் கூட்டம். இந்த மாதங்களில்தான் நெடுந்தூர அலை வரத் தொடங்குகிறது, பார்க்கிறவரை நன்றாக ஏமாற்றவும் செய்கிறது. இடைவெளி நீண்ட அலைகள் ஐந்தாறு சேர்ந்து ஒரு தொகுதியாக வரும். பிறகு பத்து நிமிடம், சில நாளில் கால் மணி நேரம், கடல் குளம்போல் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போகிறார்கள். அடுத்த தொகுதி வரும்போது ஓடிவர நேரம் இருக்காது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தார்களே, அது இப்படிப்பட்ட ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள். உள்ளூர்க் காற்று சாதுவாக இருக்கும்போதே கடல் ஏறுவதுதான் கள்ளக்கடலின் குணம். எனவே கோடையில் பலகையோடு போகிறவரும் சரி, குளிக்கப் போகிறவரும் சரி, இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து குறைந்தது இரண்டு தொகுதிகளைப் பார்த்த பிறகே காலை நனைக்க வேண்டும். இடைவெளி 14 நொடிக்கு மேல் என்று நாளிதழில் இருந்தால் இந்த இருபது நிமிடம் கட்டாயம். கோடையில் முற்பகல் 11 மணி வாக்கில் கடற்காற்று எழுந்து அலை முகத்தைக் கலைத்துவிடும் என்பதால் சறுக்குக்கு விடியற்காலைதான் பொழுது.

ஆனி பிறந்து புரட்டாசி வரையில் இந்தக் கரையின் பொற்காலம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று இங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. உடைய வரும் அலையின் முகத்தில் எதிராக மோதி அதைத் தாங்கிப் பிடிக்கும். அலை சற்றுத் தாமதமாக, செங்குத்தாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காக உடையும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று கிளம்பவே பிற்பகல் 2 மணி ஆகிவிடும். 2023இல் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியும், இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற 2025 ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்தில் ஆகஸ்டில் நடத்தப்பட்டது தற்செயல் அல்ல.

கடற்கரைக் கோயிலையொட்டிய பாறை முனையில் தெற்கு அலை வளைந்து வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்பவருக்கு அது வலப்பக்க அலை. நீர்மட்டம் இறங்கும்போது மூழ்கிய பாறைகள் தலைக்கு மிக அருகில் வந்துவிடும். இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆனால் பாறைமேல் அரை மீட்டர்த் தண்ணீர்கூடப் பெரிய வித்தியாசம். புதியவர்கள் அங்கே ஏற்றத்தின் நடுவில் இறங்கி, உச்சத்துக்கு ஒரு மணி நேரத்துக்குப் பின் கரையேறிவிடுவது நல்லது. விழும்போது தலைகீழாகப் பாயாமல், தட்டையாக, முகத்தைக் கையால் மறைத்து விழ வேண்டும். கிளிஞ்சல் ஒட்டிய பாறையில் பட்ட சிராய்ப்பை அன்றே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவாவிட்டால் நாலு நாளில் சீழ் பிடிக்கலாம்.

ஆடிக் காற்றுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. நின்றபடி துடுப்புப் போடும் பெரிய பலகைக்காரர்களுக்கு நிமிர்ந்து நிற்கும் உடலே பாய்மரம் ஆகிவிடும். கரையோரம் அமைதியாகத் தெரியும், நூறு மீட்டர் உள்ளே போனதும் திரும்ப முடியாது. அப்போது மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ துடுப்புப் போட வேண்டும். பலகையை விட்டு நீந்தவே கூடாது. மாலையில் மேற்கே இடி மேகம் கட்டினால் முதல் உறுமலிலேயே கரை.

ஐப்பசி பாதியில் வாடை திரும்பும். அலை இடைவெளி 6, 7 நொடிக்குக் குறையும், காற்று கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். ஓய்வே இல்லாமல் அலைமேல் அலையாக வந்து விழுவதால் பயிற்சி பெற்றவர்கூட உடைவுக் கோட்டைத் தாண்டிப் போக முடியாமல் திரும்புவார். தூரத்தில் புயல் சின்னம் நிற்கும்போது கரையில் காற்று ஓய்ந்து அலை அழகாக வரும் ஒன்றிரண்டு நாட்கள் இருக்கும். நன்கு தெரிந்தவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். மற்றவர்கள் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் யாருக்கும் இடமில்லை. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அப்படியொரு புயலுக்குப் பிறகு மணல் திட்டுகள் எல்லாம் இடம் மாறியிருக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆள் ஆழம். அறுந்த வலையும் சவுக்குக் கட்டைகளும் அலைக்குள் உருளும். கனமழைக்குப் பின் பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீர் முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலில் கலக்கிறது. பழுப்பு நிறம் மாறும்வரை, குறைந்தது மூன்று நாளாவது, கோவளத்தில் இறங்காமல் இருந்தால் காதுவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் தப்பலாம். அரையாண்டு விடுமுறை இந்தக் கடலோடு வந்து சேர்வதுதான் தொல்லை.

தை பிறந்து சில வாரத்தில் வாடை தளரும். மாசியில் அலை அரை மீட்டருக்குக் கீழே. அனுபவசாலிகள் அலுத்துக்கொள்ளும் இந்த மாதங்கள்தான் முதன்முதலாகக் கற்றுக்கொள்ள ஏற்றவை.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்குவியல்களான தூண்டில் வளைவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய மார்ச் முதல் செப்டம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. ஓடிவரும் நீர் கற்குவியலில் மோதியதும் போக வழியின்றி அதை ஒட்டியே கடலுக்குள் திரும்பும். அதனால் கோடையிலும் ஆடியிலும் கடும் இழுப்பு பெரும்பாலும் வளைவின் தெற்குப் பக்கத்தில். கார்த்திகை, மார்கழியில் வடக்குப் பக்கத்தில். இழுப்பு ஓடும் பட்டையில் அலை உடையாது, தண்ணீர் கலங்கி நுரையோடு வெளியே போகும். நீச்சல் தெரியாதவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமாகப் படும். இருபுறமும் முப்பது மீட்டர் தள்ளியே இறங்குங்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், பலகையைக் கட்டிப்பிடித்தபடி, கரைக்கு இணையாக, கற்களை விட்டு விலகும் பக்கமாக, அலை உடையும் இடம் வரை போங்கள். அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

வாடகைப் பலகை எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது பலகையின் வண்ணத்தை அல்ல, பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் கயிறான லீஷை. கணுக்கால் பட்டையைப் பிரித்துப் பார்த்தால் வெல்க்ரோ கொக்கிகளில் மணலும் நூலும் அடைந்திருப்பது தெரியும். அப்படி இருந்தால் பெரிய அலையில் தானாகக் கழன்றுகொள்ளும். பட்டைக்கு அருகே கயிற்றை விரலால் வளைத்தால் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள், அறுவது அங்கேதான். பலகையின் வாலில் முடிச்சிட்ட சிறு கயிறு நைந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கற்பவருக்கு எட்டு அல்லது ஒன்பது அடி நீள, மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் பலகை, அதே நீள லீஷ், பின்னால் வைக்கும் காலில்.

காலையில் ஃபைபர் படகுகள் கரை சேரும் வழியில் யாரும் அலைக்காகப் பலகைமேல் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது. அலைமேல் வரும் படகுக்குத் திரும்பவோ நிற்கவோ முடியாது. கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறுகளுக்கு நடுவே இறங்குவது ஆபத்து மட்டுமல்ல, மீனவர்கள் பிழைப்பில் கைவைப்பதும்கூட. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள்தான் நிற்கும். ஃபைபர் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) உயரம், இடைவெளி, திசை மூன்றையும் முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. தங்கள் அலுவலகத்துக்கு எடுத்துப் போடுவது மட்டும்தான் வேலை. இப்போது ‘கடல் அலை: 1 மீட்டர்’ என்று வரும் இடத்தில், ‘செங்கல்பட்டு மாவட்டக் கடல்: அலை 0.9 மீட்டர், இடைவெளி 15 நொடி, வரும் திசை தென்தென்கிழக்கு. காற்று காலை மேற்கு, பிற்பகல் தென்கிழக்கு. ஓத உச்சம் காலை 8.10’ என்று ஒரே வரியில் அடங்கும். இடம் போதாத நாளில் எதையாவது விட வேண்டியிருந்தால் ஓத நேரத்தை விடுங்கள், இடைவெளியை விடாதீர்கள்.

இப்படிக்கு,
அலைச்சறுக்குப் பயிற்றுநர்கள் சிலர்,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.