பையன் என்எஸ் போயாச்சு மாப்ள

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி இப்ப தேவலையா? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஒத்தப் புள்ளைய ஏண்டா பட்டாளத்துக்கு அனுப்பின, பொழைக்கப் போன எடத்துல உனக்கு என்னடா தேசபக்தின்னு நல்லா ஏறியிருந்த. வாட்ஸ்அப்ல பதில் சொன்னா சண்டையாயிடும்னு தான் உக்காந்து லெட்டராவே டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல, நான் ஒண்ணும் அனுப்பல. இங்க சிங்கப்பூர்ல என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, 1967-லேருந்து சட்டம். எங்கள மாதிரி பிஆர் (நிரந்தரமா தங்கற உரிமை) வாங்கின குடும்பத்துப் பையனும் 18 வயசாச்சுன்னா ரெண்டு வருஷம் போயே ஆகணும். போன வாரம் தான் பயிற்சி முகாம் இருக்கற தெக்கோங் தீவுக்கு படகுல கொண்டு போய் விட்டோம். மொத நாள் பெத்தவங்களையும் கூட்டிட்டுப் போய் பையன் படுக்கப்போற ரூம காட்டி, முகாம் மெஸ்ல சாப்பாடும் போடறாங்க. முஸ்லிம்களுக்கு தனி வரிசை, நம்மள மாதிரி வெஜ்ஜுக்கு தனி வரிசை, தட்டு வாங்கினப்புறம் எல்லாரும் ஒரே டேபிள். என் பொண்டாட்டி கண்ணத் தொடைக்கறதப் பாத்துட்டு பக்கத்துல இருந்த ஒரு மலாய் அம்மா டிஷ்யூ பாக்கெட்ட நீட்டினாங்க. அவங்க பெரிய பையன் ஏற்கனவே முடிச்சுட்டானாம், மொத வாரம் தான் கஷ்டம், அப்புறம் லீவுல வந்தா ஃப்ரிட்ஜையே காலி பண்ணுவான் பாருங்கன்னாங்க. எதுத்தாப்ல ஒரு சீனக்காரர், சோத்துல கையே வைக்காம மகனையே பாத்துட்டு இருந்தாரு. முக்கால்வாசி சீனர் இருக்கற நாடு, ஆனா பரேடு ஆர்டர் பூரா மலாய்ல தான், அட்டென்ஷன்னு சொல்ல "செடியா"ம்பாங்க, தேசிய கீதமும் மலாய் தான், ஸ்கூல்ல தினம் சொல்ற உறுதிமொழிய 1966-ல எழுதினது யாழ்ப்பாணத்துல பொறந்த நம்ம ராஜரத்தினம்.

இதெல்லாம் தானா வந்ததில்லடா. 1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்துல மலாய்க்காரங்களுக்கும் சீனருக்கும் கலவரம், செப்டம்பர்ல மறுபடியும், ரெண்டுலயும் சேத்து 36 பேர் செத்தாங்க. அடுத்த வருஷமே சிங்கப்பூர் மலேசியாவ விட்டு தனி நாடா வெளிய வந்தாச்சு, ராணுவம்னு கைல இருந்தது ரெண்டே பட்டாலியன். எவனும் படையெடுத்து வரவே வேணாம், உள்ள நாலு தெரு பத்திக்கிட்டாலே கதை முடிஞ்சுதுன்னு அப்பவே புரிஞ்சிருக்கும். அதான் 1984-ல "முழுமைத் தற்காப்பு"ன்னு ஒண்ணு கொண்டு வந்தப்போ ராணுவத்த அஞ்சுல ஒண்ணா தான் வச்சாங்க, சமூகம், மனசு, பொருளாதாரம் எல்லாம் அதுக்கு சரிசமமா. 2019-ல டிஜிட்டலும் சேந்துச்சு, ஃபார்வர்டு மெசேஜ் ஒண்ணு போதுமே ஊர கொளுத்த, உனக்கு சொல்லணுமா.

வீட்டு விஷயம் தான் நீ நம்ப மாட்ட. 1989-லேருந்து எச்டிபி வீட்டுக்கு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு, இன வாரியா கோட்டா, ஒரு புளோக்ல (ஒரு கட்டடத்துல) சீனர் 87 சதவீதம், மலாய் 25, இந்தியரும் மத்தவங்களும் 15, அதுக்கு மேல போகக் கூடாது. ஜனங்கள்ல முக்கால்வாசிக்கு மேல இந்த வீட்ல தான் இருக்காங்க, அதனால தனிச் சேரியோ தனி அக்ரஹாரமோ உருவாக வழியே இல்ல. எங்க புளோக் கீழ ஒரு நாள் மலாய் கல்யாணம், மறு வாரம் அதே எடத்துல சீனர் சாவு. பிரியம் முத்திப்போய் இப்படி இருக்கோம்னு நெனைக்காத, லிஃப்ட்ல தினம் மூஞ்சிய பாத்துப் பாத்து பழகிட்டோம், அவ்வளவு தான். எனக்கு அது போதும்னு தோணுது.

நஷ்டமும் இருக்கு. புளோக்ல சீனர் கோட்டா ரொம்பிருச்சுன்னா நம்மாளு வீட்ட சீனருக்கு விக்க முடியாது, வாங்கற கூட்டமே சுருங்கி வெல எறங்கிடும். அதாவது ஒத்துமைக்கு பில் கட்டறது சிறுபான்மை. ஆரம்ப வருஷங்கள்ல மலாய் பசங்கள என்எஸ்ஸுக்கு பெருசா கூப்பிடவே இல்ல, நாளைக்கு யார் பக்கம் நிப்பானோன்னு சந்தேகம். நீயும் இந்த நாட்டுக்காரன் தான்னு சொல்லிட்டு துப்பாக்கிய மட்டும் தராம இருந்தா அவனுக்கு எப்படிடா இருக்கும்? அந்த வடு இன்னும் முழுசா ஆறல.

எல்லாத்தவிடவும் என்ன உறுத்தறது வெளிநாட்டுத் தொழிலாளிங்கள தங்க வைக்கற டார்மெட்டரி தான். நம்ம தஞ்சாவூர், புதுக்கோட்டை பசங்க எவ்வளவு பேர் அதுல. 2013 டிசம்பர்ல லிட்டில் இந்தியால ஒரு பஸ் மோதி நம்மூர் தொழிலாளி செத்து பெரிய கலாட்டா ஆச்சே, ஞாபகம் இருக்கா? ஊரே, இங்கயா இப்படின்னு வாயடைச்சுப் போச்சு. அப்புறம் 2020 கொரோனா. தினம் சாயங்காலம் எண்ணிக்கை சொல்லும்போது "சமூகத்துல இத்தனை, டார்மெட்டரில இத்தனை"ன்னு தனித்தனியா வாசிப்பாங்க. அப்ப அவங்க சமூகம் இல்லையா? ஒரு ரூம்ல டஜன் பேருக்கு மேல அடைஞ்சு கெடந்தாங்க, அந்த வருஷம் முடியறதுக்குள்ள அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு தொத்திருச்சு. மத்த எல்லா எடத்துலயும் அடுத்தவன சேத்துப் பாத்த நாடு, சேக்காம விட்ட அந்த ஒரு எடத்துல தான் மாட்டிக்கிச்சு. ஆயிரம் டாங்கி வச்சிருந்தும் என்ன பிரயோஜனம்.

இது இந்தியாவுக்கு ஒத்து வருமாடான்னு கேட்ட. கோட்டா போட்டு அவ்வளவு ஜனத்த எங்க குடி வைக்கறது, முடியாது. ஆனா வாடகைக்கு வீடு கேக்கப் போனா சாவிய எடுக்கறதுக்கு முன்னாடியே "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேக்கறானே நம்மூர்ல, அத எந்த பார்டர்ல பட்டாளத்த நிறுத்தி சரி பண்ணுவ? இங்கயும் "இந்தியர் வேண்டாம்"னு வாடகை விளம்பரம் பாத்திருக்கேன், பெருமையடிக்கறேன்னு நெனைக்காத.

சரி, பாப்பாவுக்கு கவுன்சிலிங் என்னாச்சு, எந்த காலேஜ்? பொங்கலுக்கு நாங்க ரெண்டு பேரும் மட்டும் வர்றோம், இவனுக்கு லீவு கெடைக்காது. வர்றப்போ என்ன வேணும்னு லிஸ்ட் அனுப்பு, போன தடவ மாதிரி ஏர்போர்ட்ல நிக்கறப்போ போன் பண்ணாத.

உன் பழைய பெஞ்ச்மேட்