கிணற்றடி வேலியில் ஒரு குருவி

உப்சாலா, ஸ்வீடன்,
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எங்கள் இருவருக்கும் நிம்மதி வந்தது. இப்போது படி ஏறி இறங்குகிறாளா? பாப்பா பிரசவத்துக்கு வரும்போது வீடு நிறைந்திருக்கும், அதற்குள் நன்றாக நடமாடிவிட வேண்டும். இங்கே எனக்கு இடது தோளில் வலி. பைனாகுலரைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்க முடிவதில்லை. மற்றபடி சுகம். மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்று, "அந்தக் குளிரிலும் இருட்டிலும் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?" என்று நீ கேட்டது. இன்னொன்று, கடைசியில் போகிற போக்கில் நீ எழுதிய நாலு வரி. கிணற்றடிக் கிளுவை வேலிக்குள் சாயங்காலம் ஆனால் யாரோ நாக்கைத் தட்டுவது போல "டக்... டக்..." என்று சத்தம் வருகிறது, எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம், தை பிறந்ததும் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு காம்பவுண்டுச் சுவர் எழுப்பப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். முதல் கேள்விக்கும் இந்த நாலு வரிக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இங்கே என் வருஷம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலிருந்து ஃபியூரிஸ் ஆற்றங்கரைப் புல்வெளி வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர். பத்தொன்பது வருஷமாக இதே பாதைதான். தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போலத் தூரதூரமாக ஓடினேன். ஏப்ரலில் ஹோர்ன்போர்யா ஏரிக்குப் போய் ஆயிரக்கணக்கான சாம்பல் பெருங்கொக்குகள் இறக்கை விரித்து ஆடுவதைப் பார்த்தேன். நல்ல நாளில் இருபதாயிரத்துக்கும் மேல் இறங்கும். அங்கே முன்பு சாராயம் காய்ச்ச உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அறுவடையில் தப்பிய கிழங்கைத் தின்னக் கொக்குகள் வந்து பழகின. அந்தச் சாகுபடி போய்விட்டது, இப்போது பார்லி தூவி வரவேற்கிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவனுக்குத் தெரியவருவது அப்படி ஓடுகிறவனுக்குத் தெரிவதில்லை. எந்த வில்லோ முதலில் பூக்கும், எந்தத் தூணில் ஆள்காட்டி வந்து உட்காரும் என்பதெல்லாம் எனக்கு இப்போது நம் ஊர்க் கண்மாய்க் கரை மாதிரி மனப்பாடம்.

அப்புறம் அந்துப்பூச்சி. இது எட்டு வருஷப் பழக்கம். நம் ஊர் நெல் வயலில் குருத்துப்பூச்சிக்கு விளக்குப்பொறி வைப்பார்களே, அதேதான். ஒரு வாளி, மேலே புனல், அதற்கு மேல் புற ஊதா விளக்கு, வாளிக்குள் முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி புனல் வழியாக விழுந்து அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். காலையில் ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து, பெயர் எழுதி, புதருக்குள் விட்டுவிடுவேன். ஸ்வீடனில் பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் ஏறக்குறைய 120 வகை. அந்துப்பூச்சிகளையும் சேர்த்தால் 2,700-க்கு மேல்.

இங்கே பறவைக்கு வெளிச்சக் காலம், அந்துப்பூச்சிக்கு இருட்டுக் காலம் என்று வருஷம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஜூன் மாதம் சூரியன் இரவு பத்தேகாலுக்கு மறைந்து மூன்றரைக்கு முன்பே எழுந்துவிடும். நடுவிலும் வானம் கறுப்பதில்லை, வெளியே நின்று செய்தித்தாள் படிக்கலாம். அந்த வெளுத்த இரவில் விளக்குக்கு மரியாதை கிடையாது, பொறியில் ஏழெட்டுப் பூச்சி விழுந்தாலே பெரிது. ஆகஸ்ட் பிறந்ததும் இருட்டு திரும்பி வரும். பறவைகள் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும் நேரம் அது. அப்போதுதான் பொறி நிறையும். ஒன்று போகும்போது இன்னொன்று வருகிறது. இரண்டையும் பார்க்கிறவனுக்கு வெறும் மாதம் என்று ஒன்று இல்லை.

ஏப்ரல் கடைசியில் இரண்டும் சேர்ந்தே இருக்கும் ஒரு வாரம் உண்டு. ஆற்றங்கரை வில்லோ மரங்களில் மஞ்சள் பூங்கொத்து வரும்போது வேறெதுவும் பெரிதாகப் பூத்திருக்காது. பகலில் அதில் வண்டு மொய்க்கும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் கொத்துக்குக் கொத்து அந்துப்பூச்சி, கண்கள் கங்கு போல மின்னும். அதே மரத்தில் காலையில் கதிர்க்குருவி கத்தும்.

இனி உன் வேலிக்கு வருகிறேன்.

நீ கேட்ட "டக்" சத்தம் பிளித் நாணல் கதிர்க்குருவியுடையது என்று நினைக்கிறேன். சிட்டுக்குருவியை விடச் சிறியது, மெலிந்தது, நிறம் காய்ந்த இலை மாதிரி. கோடு, புள்ளி, பட்டை எதுவும் இல்லை. கண்ணுக்கு முன்னால் வெளிர்நிறத்தில் ஒரு சின்னத் தீற்று, அவ்வளவுதான். புதருக்குள் எலி மாதிரி ஓடும். கல்லூரி நாளில் நாம் இருவரும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது இதை எத்தனை தடவை கேட்டிருப்போம், சும்மா ஏதோ ஒரு புதர்க்குருவி என்று தாண்டிப் போயிருப்போம். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் வேலிகளிலும் தாராளமாக இருக்கிற பறவை இது. ஆனால் அங்கே அது பாடுவது குறைவு. அந்த டக் டக் மட்டும்தான்.

அது பாடுகிற இடம் இங்கே இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஜூன் இரண்டாம் வாரம். தூக்கம் வராமல் இரவு பன்னிரண்டரைக்கு ஆற்றங்கரைக்குப் போனேன். புல்வெளி மேல் இடுப்பளவு மூடுபனி. தூரத்தில் நைட்டிங்கேல் கத்திக்கொண்டிருந்தது. இங்குள்ள நைட்டிங்கேல் பெரிய குரல்காரன், மே நடுவிலிருந்து ராத்திரி முழுக்க ஓயாது. அதைத் தாண்டி வளைவில் திரும்பினால், ஒற்றை எல்டர் புதரிலிருந்து வேறொரு பாட்டு. அவசரமே இல்லை. ஒரு சின்ன வரியை எடுத்து நாலு தடவை, ஐந்து தடவை சொல்கிறது. சொல்லச் சொல்ல மெருகேறுகிறது. அடுத்த வரிக்குப் போகிறது. நடுவில் ஊர்க்குருவி மாதிரி, பட்டாணிக்குருவி மாதிரி மற்றவர்கள் குரலையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறது. பாட்டு வாத்தியார் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் இடையில் தாளம் தட்டுவது போல "டக்... டக்...".

பங்காளி, அந்த டக்கைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏதோ ஒரு டிசம்பர் மாலை, உங்கள் கிணற்றடி, ஈரத் துண்டு, மாட்டுச் சாண வாசம் எல்லாம் அந்தப் பனிக்குள் வந்து நின்றன. இரண்டு மணி வரை அங்கேயே நின்றேன். அது நான் இருப்பதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இந்தக் குருவி ஸ்வீடனுக்குப் பழைய குடி அல்ல. கிழக்கிலிருந்து பின்லாந்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே பரவி வந்தது. பின்லாந்தில் நிறையவே இருக்கிறது, இங்கே இன்னும் குறைவுதான். என் நாலு கிலோமீட்டரில் சில வருஷம் ஒன்று வரும், சில வருஷம் வராது. இங்கிருந்து வலசை போகும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை போவது ஆப்பிரிக்கா, இல்லாவிட்டால் தெற்கு, மேற்கு ஐரோப்பா. செப்டம்பரில் ஸ்வீடனின் தென்மேற்கு நுனியான ஃபால்ஸ்டெர்பூவில் நின்றால் அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். கடலைத் தாண்டத் தயங்கி, கரையோரமாகவே வந்து, நிலம் முடிகிற அந்த முனையில் எல்லாம் குவியும். பருந்துகளுக்கு மேலே ஏற வெப்பக் காற்று வேண்டும், கடல்மேல் அது கிடைக்காது. அதனால் டென்மார்க் கரை அருகில் இருக்கும் பக்கமாக வந்து, உயர ஏறிக்கொண்டு கடக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் குருவியைத் தேடக் கூடாது. அது ஜூலை, ஆகஸ்டிலேயே சத்தமில்லாமல் தென்கிழக்கே திரும்பிவிடும், இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி. அதன் எடை பத்து பன்னிரண்டு கிராம். உன் வேலியில் இருப்பது நான் கேட்ட அதே ஆள் என்று சொல்ல மாட்டேன், அது பின்லாந்திலிருந்தோ சைபீரியாவிலிருந்தோ வந்திருக்கலாம். ஆனால் அந்த இனம் முழுவதும் இந்தக் கோடைக்கும் அந்த வேலிக்கும் நடுவேதான் வாழ்கிறது.

சரி, அந்துப்பூச்சிக்கு வருகிறேன், ஒரு வருத்தத்தைச் சொல்லிவிட்டு. இந்த ஜூலையில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பொறியைப் பார்க்கப் போனேன். புல்லில் சிறகுகள் கிடந்தன. ரோஜா நிறமும் ஆலிவ் பச்சையும் கலந்த 'யானைப் பருந்து' என்ற அந்துப்பூச்சியின் சிறகுகள், நாலு ஜோடி. உடம்பு இல்லை. ஒரு பட்டாணிக்குருவி வாளியைக் கண்டுபிடித்துவிட்டது, பக்கத்துப் பெட்டிக் கூட்டில் அதற்குக் குஞ்சுகள். குருவியைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பூச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தது நான். அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து பொறியை நிழலுக்கு எடுத்துப் போய் மூடிவைக்கிறேன்.

இந்த வருஷத்தின் பெரிய சந்தோஷம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. விளக்குக்கு வராத சில பூச்சிகள் இனிப்புக்கு வரும். ஒரு பாட்டில் சிவப்பு ஒயின், ஒரு கிலோ சர்க்கரை, அடுப்பில் சூடாக்கிக் கரைத்து, பருத்திக் கயிறுகளை அதில் ஊறவைத்து மரக்கிளைகளில் தொங்கவிட வேண்டும். அன்று காற்றில்லை, நிலா இல்லை, பதினெட்டு டிகிரி. பத்தரை மணிக்கு டார்ச்சோடு போனேன். மூன்றாவது கயிற்றில், உள்ளங்கை அகலத்துக்கு, மரப்பட்டையைப் பெயர்த்து ஒட்டியது போல ஒன்று. சாம்பல் நிறம், அதில் பாசி படர்ந்தது போல நெளிநெளியான கோடுகள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டே போனேன். உறிஞ்சுகுழலை நீட்டிக் கயிற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. முன்கால் லேசாக நடுங்கியது. வெளிச்சம் உறைத்ததோ என்னவோ, முன்சிறகைச் சட்டென்று முன்னுக்குத் தள்ளியது. பின்சிறகு தெரிந்தது: கறுப்பு, அதன் குறுக்கே மங்கலான நீலத்தில் ஒரு பட்டை. அந்துப்பூச்சிகளில் நீலம் அபூர்வம். ஸ்வீடன்காரர்கள் இந்தக் குடும்பத்துக்கு, அரசர் விருதோடு தோளில் சார்த்தும் பட்டைத் துணியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பார்த்தபோதுதான் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரிந்தது. எட்டு வருஷம் கயிறு கட்டி அன்றுதான் வந்தது. வீட்டுக்குள் ஓடி என்னவளை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவளும் செருப்பில்லாமல் ஈரப் புல்லில் நின்று பார்த்தாள்.

அதற்கு 'ஃப்ராக்ஸினி' என்று 1758-இல் பெயர் வைத்தவர் இதே ஊரில் வாழ்ந்த இயற்கையியலாளர் லின்னேயஸ். பெயர் ஆஷ் மரத்தைச் சொல்கிறது, ஆனால் அதன் புழு முக்கியமாகத் தின்பது ஆஸ்பென் இலை. அந்தப் பெயரிடலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சாண் அளந்து நடக்கும் புழுவிலிருந்து வருகிற பூச்சிகளுக்கு '-ஆட்டா' அல்லது '-ஆரியா' என்று முடித்தார், இலைச்சுருட்டிகளுக்கு '-ஆனா', பொடிப்பூச்சிகளுக்கு '-எல்லா'. இன்றும் பெயரின் வாலைப் பார்த்தே கூட்டத்தை ஊகிக்கலாம். அவ்வளவு கூர்மையான மனிதர், தகைவிலான் குளிர்காலத்தில் ஏரிக்கு அடியில் உறங்குகிறது என்றுதான் நம்பினார். அவருக்கு முன்பே, 1555-இல், உப்சாலாவின் பேராயர் பட்டம் தாங்கிய ஒலாவுஸ் மாக்னுஸ் மீனவர்கள் வலையில் தகைவிலான்களை வாரி எடுப்பது போலப் படமே போட்டு எழுதியிருக்கிறார். பறவை எங்கே போகிறது என்று உறுதியாகத் தெரியவர, காலில் வளையம் மாட்ட வேண்டியிருந்தது. டென்மார்க்கின் வீபோர்கில் ஆசிரியராக இருந்த மோர்டென்சென் 1899-இல் மைனா இனத்து ஸ்டார்லிங்குகளுக்கு எண்ணிட்ட அலுமினிய வளையம் போட்டதிலிருந்துதான் அந்த வேலை முறையாகத் தொடங்கியது.

அக்டோபர், நவம்பரில் குளிர் அந்துப்பூச்சி. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஆண் பூச்சிகள் ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத் துண்டு போலப் பறக்கும். பெண்ணுக்குச் சிறகே இல்லை, பேருக்கு ஒரு நறுக்கு. அது மண்ணிலிருந்து வந்து மரத்தண்டில் நடந்தே ஏறும். மேலே அது இடுகிற முட்டைகள் வசந்தத்தில் மொட்டு விரியும்போது பொரித்து, நம் ஆமணக்குக் காவடிப்புழு மாதிரி நடக்கும். அந்தப் புழுவை நம்பித்தான் பட்டாணிக்குருவியும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மே தொடக்கத்தில் வந்து சேரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானும் குஞ்சு பொரிக்கின்றன.

இப்போது டிசம்பர். மூன்று மணிக்குள் இருட்டிவிடுகிறது. நேற்று பக்கத்துப் பண்ணையில் கேட்டுக்கொண்டு அவர்களுடைய பழைய நிலவறைக்குள் போனேன், உருளைக்கிழங்கு சேமிக்க மண்மேட்டுக்குள் கட்டியது. கல் கூரையில் ஆறு அந்துப்பூச்சிகள், செங்கல் நிறமும் ஆரஞ்சுத் தீற்றலுமாக, சிறகோரம் பிய்ந்த இலை மாதிரி. மார்ச் கடைசி வரை அப்படியே உறங்கும். ஒவ்வொன்றின் மேலும் பனித்துளி கோத்திருந்தது. டார்ச் பட்டதும் முதுகெல்லாம் கண்ணாடி மணிகள். ஒரு நிமிஷத்துக்கு மேல் வெளிச்சம் காட்டாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இன்று காலை ரோவன் மரத்தில் நாற்பது பட்டுவால் பறவைகள் இறங்கின. ஸ்வீடிஷில் அதற்கு அப்படித்தான் பெயர். வெள்ளி மணி குலுங்குவது போலச் சத்தம், அரை மணி நேரத்தில் சிவப்புப் பழம் ஒன்று விடாமல் காலி. உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

இனி ஓர் உதவி கேட்கிறேன். வேலியைத் தை மாதத்தில் பிடுங்காதே. அந்தக் குருவி சித்திரை வரை அங்கே இருக்கும். கிளம்பும் முன்பு பூச்சி பிடித்துக் கொழுக்க வேண்டும், அதற்கு அந்தக் கிளுவையும் அதில் படர்ந்திருக்கும் கோவைக்கொடியும் வேண்டும். சுவர் அவசியம்தான் என்றால் ரோட்டுப் பக்கம் மட்டும் எழுப்பிக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் ஒரு இருபது அடியாவது விட்டுவிட முடியுமா? தங்கச்சியிடமும் கேட்டுப் பார். அப்புறம், நாளைக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலி போட்டு வேலியோரம் உட்கார்ந்து, அந்த டக் சத்தத்தைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. இருட்டுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

பாப்பாவுக்கு எங்கள் ஆசி. பிறந்ததும் உடனே தெரிவி.

அன்புடன்,
உன் பங்காளி