மாசி மட்டும் பொறு

கல்லடி,
ஐப்பசி 16

அன்பு மகளுக்கு,

"எம்.சீ.வீ. 102 என்று கிடக்கு, இன்னும் குடிக்கிறீங்களாப்பா?" என்று என் இரத்த ரிப்போட்டைப் பார்த்துப் போனில் கேட்டாய். நான் பேசாமல் இருந்தேன். என் 'இல்லை'க்கு உன்னிடம் என்ன பெறுமதி? உன் ரியூஷன் காசில் சாராயம் குடித்துவிட்டு வந்த அன்றும் அதே 'இல்லை'யைத்தான் சொன்னேன். அதனால் டொக்டரிடம் கேட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

எம்.சீ.வீ. என்றால் இரத்தச் செங்குழியத்தின் பருமன். 80க்கும் 100க்கும் இடையில் நிற்க வேண்டும். குடி, எலும்புக்குள் குழியம் உண்டாகும் என்பு மச்சையில் கைவைத்தால் குழியங்கள் பருத்துப் பிறக்கும். ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். நான் விட்டது புரட்டாதித் தொடக்கத்தில். குடித்த காலத்துக் குழியங்கள் இன்னும் எனக்குள் ஓடித் திரிகின்றன. அவை செத்து முடியத் தைப்பொங்கல் வந்துவிடும்.

ஜீ.ஜீ.ரீ.யைப் பார், 312 இருந்தது 88 ஆகிவிட்டது. அது ஈரலில் இருந்து வரும் நொதியம். குடியை விட்டால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் பாதியாகும். அதையும் முழுக்க நம்பாதே. ஈரலில் கொழுப்புப் படிந்தாலும், சில வலிப்பு மருந்து போட்டாலும் ஏறும். முன்வீட்டு மாமி தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் தொடாத மனிசி, அவவுக்கு என்னிலும் கூட! பொஸ்பற்றிடைல் எதனோல் என்று ஒரு சோதனை இருக்கிறதாம். சாராயம் உள்ளே போனால்தான் அது இரத்தத்தில் உண்டாகும், சில கிழமை நிற்கும். நீ எந்த லாப்பைச் சொன்னாலும் போய்க் கை நீட்டுகிறேன்.

அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டா. ஆஸ்பத்திரி வாட்டில் மூன்றாம் இரவு, கடல் வருகுதென்று கட்டிலில் ஏறி நின்று, உன்னைத் தூக்கச் சொல்லிக் கத்தினேனாம். 2004இல் நீ கைக்குழந்தை. சாராயம் நரம்பை அமத்தும். மூளை வருசக்கணக்கில் அதை எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அந்தத் தள்ளல் மட்டும் மிஞ்சும். இரண்டு மூன்று நாளில் வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். அதுதான் விற்றமின் பீ-1 ஊசியும் குளிசையும் தந்து வாட்டில் வைத்து நிறுத்தினார்கள். முந்தி வீட்டில் நானாக நிறுத்தி, இரண்டாம் நாள் கை நடுங்கக் கடைக்கு ஓடினதை நீ நடிப்பென்றாய். பாதி நடிப்புத்தான்.

மாசியில் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். ரிப்போட்டை அம்மா போட்டோ எடுத்து அனுப்புவா. என்னிடம் கேளாதே, அவவிடம் கேள்.

மழை பிடித்துவிட்டது. உன் அறை ஓடு ஒழுகுகிறது, நாளைக்கு ஆள் வருகுது.

அப்பா