வாய்மொழி வரலாற்றுக் குழு: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கங்களில் இளம்பிள்ளை வாதம் (போலியோ) கண்டவர்களின் நினைவுகளைப் பதியும் பணி இவ்வாண்டும் தொடர்ந்தது. நாட்டின் கடைசி இயற்கைவகை (தடுப்பு மருந்திலிருந்து வராத) போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டது. நோயை நேரில் கண்டவர்களுக்கு வயது ஏறுகிறது. தள்ளிப்போட முடியாத வேலை இது.

"எந்த வருஷம் காய்ச்சல் வந்தது?" என்றால் பதில் வராது. "தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்றால் 1964 டிசம்பருக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இளையவர்களுக்கு 1985இல் சிவகங்கை தனி மாவட்டமானதும், 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்ததும் கைகொடுத்தன.

மிகவும் கவனமாகக் கேட்கவேண்டியது ஊசியைப் பற்றி. போலியோ கிருமி உடம்பில் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால், போட்ட பக்கத்திலேயே வாதம் விழும் வாய்ப்பு கூடும். எந்தப் பக்கம் ஊசி, எத்தனையாம் நாள் கால் துவண்டது என்பவை அதனால் முக்கியம். ஆனால் "ஊசி போட்டார்களா?" என்று எடுத்துக்கொடுத்தால் "ஆமாம்" என்றே வரும். "காய்ச்சல் வந்த அன்னைக்கு வீட்ல என்ன செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு ஓடிய ஆச்சிகள் எதிரில் இந்த விளக்கத்தை நாமாக எடுக்கவே கூடாது. ஆறாத பழி அது. அவர்களாகக் கேட்டால், கிருமி முன்பே வந்துவிட்டது, காய்ச்சலுக்கு ஊசி போடுவது அன்றைய வழக்கம் என்று சொல்லுங்கள்.

பொருளைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வருகிறது. காலிப்பரின், அதாவது வலுவிழந்த காலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், முழங்கால் பூட்டு ஓர் இரும்பு வளையம். காலை நீட்டி நின்றால் 'டக்'கென்று கீழே இறங்கிப் பூட்டும், உட்கார அதை மேலே தூக்கவேண்டும். வளையம் தேய்ந்தால் நடக்கும்போதே முழங்கால் மடங்கி ஆளைச் சாய்த்துவிடும். அந்த ஓசையையும் பதியுங்கள். உயரமான நிலைப்படியை எப்படித் தாண்டினார்கள், ஈரமான ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஊன்றுகட்டையின் ரப்பர் எப்படி வழுக்கியது என்றும் கேளுங்கள்.

வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து பதிந்தவை எதிரொலியால் பாழாயின. மெத்தை, துணிமணி உள்ள சிறிய அறையே நல்லது. மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரம் சுமார் அரை ஜிபி ஆகும். மூன்று நகல் வேண்டும், ஒன்று வெளியூரில். எழுத்தாக்கும்போது "காலு இழுத்துக்கிருச்சு" என்பதைப் "பக்கவாதம்" என்று திருத்தாதீர்கள். அது வேறு நோய்.

பல ஆண்டுகள் கழித்துத் தசை மறுபடி தளர்வதும் அசதியும் இவர்களில் பலருக்கு உண்டு. அதனால் பதிவைக் காலை வேளையில் வையுங்கள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உடனிருக்கும் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவர்களுக்குத் தனியாக ஒரு பதிவு வைத்துக்கொள்ளலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உங்கள் வீட்டுப் பரணில் பழைய காலிப்பர், பூட்ஸ், மருந்துச் சீட்டு எது கிடந்தாலும் பழைய இரும்புக்குப் போடாமல் குழுவிடம் தாருங்கள். தோல்வாரைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.

செயலாளர்