மெய்யம்மைக்கு: உருக்கும்போது உப்பைப் பார்

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் மெய்யம்மைக்கு, அப்பச்சி எழுதுவது.

அண்டார்டிகாவில் கடற்பனியைத் துளைத்தெடுத்து, அதிலுள்ள பாக்டீரியா வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறதா என்று பார்க்க நீ எழுதி அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். அங்கே நம் நாட்டு நிலையங்களில் கடலோரத்துப் பாரதி கிடைத்தது நல்லதுதான். மைத்ரியாக இருந்தால் கடலே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி. துளைப்பது, வெட்டுவது, வடிகட்டுவது எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். உருக்குவதற்கு மட்டும் ஒரே வரி: ‘அறை வெப்பநிலையில்’. பாதி வேலை கெடுவது அங்கேதான்.

கடல்நீர் -1.8 டிகிரியில் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் போகாது. இடுக்குகளில் உப்புநீராகத் தேங்கும், பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். -10 டிகிரியில் அந்த நீர் கடல்நீரைப்போல் நாலு மடங்கு உப்பு. ஆனால் துண்டை முழுசாக உருக்கினால் ஆயிரத்துக்கு 5 முதல் 10 பங்குதான் உப்பு நிற்கும். உப்பில் வாழ்ந்த செல் திடீரென்று அதில் விழுந்தால் நீரை உறிஞ்சி வெடிக்கும். எண்ணிக்கை குறையும், எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் ஆர்என்ஏ வெளியே கொட்டிப்போகும். நீயோ பனியில் பாக்டீரியாவே குறைவு என்று எழுதிவிடுவாய்.

அதனால் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கடல்நீரை முதல் நாளே குளிரவைத்துக்கொள். துளைத்தெடுத்த பனித்தண்டில் 1 செ.மீ. நீளத்துக்கு 100 மில்லி சேர். 9 செ.மீ. விட்டமுள்ள தண்டின் அடிப்பகுதி 10 செ.மீ. உருகினால் ஏறத்தாழ 580 மில்லி. அதன் உப்பு ஆயிரத்துக்கு 8 என்று வைத்துக்கொண்டால், 34 உப்புள்ள கடல்நீர் ஒரு லிட்டர் சேர்த்தபின் கலவை 24-க்கு வந்துவிடும். 4 டிகிரியில், இருட்டில் உருகட்டும். சேர்த்த அளவைக் குறிக்காவிட்டால் பின்னால் எந்தக் கணக்கும் நிற்காது. சேர்த்த நீரையும் தனியாக ஒரு வடிகட்டியில் ஓட்டிவை. அதிலிருந்து வரும் டிஎன்ஏவைப் பனியின் டிஎன்ஏ என்று நினைத்துவிடக் கூடாது.

ஆர்என்ஏ வேண்டிய துண்டு வேறு. இரவெல்லாம் இருட்டில் உருகினால் வெளிச்சத்துக்கான மரபணுக்களின் இயக்கமே மாறியிருக்கும். அதைச் சில்லுகளாக உடைத்து, நிறைய வடித்த கடல்நீரில் சுழற்றி, கடைசிச் சில்லு கரைந்ததும் வடிகட்டி, வடிகட்டியை உடனே காப்புத் திரவத்தில் போடு.

தண்டை வெளியே இழுத்ததும் அடியிலிருந்து உப்புநீர் ஒழுகத் தொடங்கும். பேசிக்கொண்டு நிற்காமல் பழுப்பு நிற அடிப்பகுதியை அறுத்துப் பையில் போடு. மேலே கறுப்புத் துணி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நம் வீட்டு வளவில் அடிக்கிற வெயில் உள்ளறைக்குப் போகையில் மங்குகிற மாதிரி, வெண்பனி மூடிய கடற்பனியின் அடிக்கு மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட எட்டாமல் போகலாம். அதற்குப் பழகிய உயிரை நேர் வெயிலில் காட்டாதே. வெண்பனியின் தடிமனை ஒவ்வொரு துளைக்கும் அள.

அடுத்து, பாக்டீரியாவில் ஒளியை வாங்கும் புரதமான புரோட்டியோரோடாப்சின். 2000-ல் மான்டரே விரிகுடா நீரில் முதலில் தெரிந்தது, 2010-ல் அண்டார்டிக் கடற்பனியிலும் இருப்பதாகக் கட்டுரை வந்தது. இது ஒளிச்சேர்க்கை இல்லை. கரியமில வாயுவை உணவாக்காது, ஆக்சிஜனும் விடாது. அதிலுள்ள ரெட்டினால் என்ற நிறமி ஒளியை வாங்க, புரதம் புரோட்டானை வெளியே தள்ளுகிறது. அந்தப் புரோட்டான் திரும்பி வரும் வழியில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி உண்டாகிறது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குக் கரிமப்பொருள் வேண்டும். ஆகவே மரபணு கிடைத்ததை வைத்து வெளிச்சத்தில் வாழ்கிறது என்று எழுதாதே.

வளர்த்துப் பார்ப்பதிலும் ஏமாற்று உண்டு. விளக்குச் சூட்டில் குப்பி அரை டிகிரி ஏறினாலே வளர்ச்சி கூடும். டயட்டம் என்ற நுண்பாசி கலந்திருந்தால் அது வெளிச்சத்தில் உணவு சுரந்து பாக்டீரியாவை வளர்த்துவிடும், ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் டிசிஎம்யூ போட்டு அதை நிறுத்து. இந்தப் புரதம் 490 அல்லது 525 நானோமீட்டர் பக்கம்தான் ஒளியை வாங்கும். அதனால் இருட்டோடு சிவப்பு விளக்கும் ஒரு ஒப்பீடாக இருக்கட்டும். சத்து மிகுந்த ஊடகம் வேண்டாம், வயிறு நிறைந்த செல்லில் வித்தியாசம் தெரியாது. சைக்ரோஃப்ளெக்சஸ் டார்க்விஸ் என்ற கடற்பனி பாக்டீரியாவில் வெளிச்சத்தின் பலன் உப்பின் அளவைப் பொறுத்தே தெரிந்தது. ஒரே உப்பில் மட்டும் சோதித்துக் கைவிடாதே.

எனக்கு நம்பிக்கையான சோதனை பிஹெச் தான். செல்களை, பிஹெச்சை மாறவிடாத தாங்கல் கரைசல் துளியும் மிஞ்சாமல் உப்புநீரில் கழுவு. விளக்கைப் போட்டால் புரோட்டான் வெளியே வந்து பிஹெச் இறங்க வேண்டும், அணைத்தால் ஏற வேண்டும். புரோட்டான் ஏற்றத்தாழ்வைக் கலைக்கும் சிசிசிபி சேர்த்ததும் அந்த இறக்கம் காணாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் நீ பார்த்தது மின்முனையின் சூட்டுத் தடுமாற்றம்.

ஆத்தா சீப்புச்சீடை டின்னில் அடைத்துவிட்டாள், எடை எவ்வளவு அனுமதி என்று கேட்டு எழுது. திருத்திய திட்டத்தில் ஒவ்வொரு குப்பியின் முடிவான உப்பளவும் ஒரு பத்தியாக இருக்கட்டும்.

அப்பச்சி