ஸ்கேல் மாடல் கிட்டுகளைப் பொம்மை வரியிலிருந்து விலக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு எவ்வாறு கைகொடுத்திருக்கிறது என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதன் கருத்துகளில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆயினும், அந்த வரிக்குள் சேரக்கூடாத ஒரு பொருளும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருப்பதைக் கட்டுரை தொடாமல் விட்டுவிட்டது. கார், மோட்டார்சைக்கிள், விமானம் ஆகியவற்றை அளவு பிசகாமல் சிறிதாக்கி, நூற்றுக்கு மேற்பட்ட உதிரிப் பாகங்களாக விற்கப்படும் ஸ்கேல் மாடல் கிட்டுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். பணிமனைப் பயிற்றுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், காரைக்குடியில் என் வீட்டுப் பட்டாலையில் மாலை வேளைகளில் சில பாலிடெக்னிக் மாணவர்களோடு அமர்ந்து இந்த மாடல்களைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020ஆம் ஆண்டு 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023ஆம் ஆண்டு 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. சுங்க அட்டவணையில் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று சக்கரச் சைக்கிள், பொம்மை வண்டி, மரப்பாச்சி, புதிர் விளையாட்டு ஆகியவற்றோடு அளவு குறைத்த மாதிரிகளும் அடங்குகின்றன. ஆகவே 1,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு கிட், அடிப்படை வரி மட்டும் சேர்ந்தாலே 1,700 ரூபாயாகிவிடுகிறது. அதன்மேல் ஜிஎஸ்டி, அஞ்சல் அல்லது கூரியர் செலவு, கடைக்காரரின் ஆதாயம். அப்பா கடனில் ஃபீஸ் கட்டும் மாணவன் அதை வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுகிறான்.

இது ஒரு பொழுதுபோக்குத்தானே, இதற்காக இத்தனை மன்றாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்காக, நாங்கள் இப்போது செய்து கொண்டிருக்கும் ஒரு வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அது ஹோண்டா நிறுவனத்தின் ஆர்சி 166 என்ற பந்தய மோட்டார்சைக்கிள். ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம் அதை 12இல் 1 பங்கு அளவில் கிட்டாக வெளியிட்டுள்ளது. இந்த அளவில் ஓர் அடி ஓர் அங்குலமாகிறது. முழு வண்டியும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 250 சிசி உலகப் பட்டத்தை யமஹாவின் டூ ஸ்ட்ரோக் வண்டியில் பில் ரீட் வென்றிருந்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஹோண்டாவுக்கு இருந்த ஒரே வழி, சுற்று வேகத்தை ஏற்றுவது. அதற்கு பிஸ்டன் இலேசாகவும் அதன் ஓட்டம் குட்டையாகவும் இருக்க வேண்டும். எனவே 250 சிசியை ஆறு சிலிண்டர்களாகப் பிரித்து, சிலிண்டருக்கு நான்கு வீதம் 24 வால்வுகள் வைத்து, நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழலும் எஞ்சினைச் செய்தார்கள். சொய்ச்சிரோ இரிமாஜிரி என்ற இளம் பொறியாளர் அதை வடிவமைத்தார். 1966ஆம் ஆண்டு மைக் ஹெய்ல்வுட் இந்த வண்டியோடு களமிறங்கிய பத்து 250 சிசி பந்தயங்களிலும் முதலாவதாக வந்தார்.

இந்த வரலாற்றைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் ஆறு கார்புரேட்டர்களையும் தன் கையாலேயே வரிசையாக ஒட்டி, பக்கத்துக்கு மூன்றாகப் பின்னோக்கிப் போகும் ஆறு எக்ஸாஸ்ட் குழாய்களைச் சட்டத்துக்குள் நுழைத்துப் பார்க்கும் மாணவனுக்கு, அத்தனையையும் ஒருவர் தொடைகளுக்கு இடையில் அடங்கும் அகலத்தில் எப்படித் திணித்தார்கள் என்பது உறைக்கும். ஒரு மாணவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நிமிடத்துக்கு 18,000 என்றால் நொடிக்கு 300 சுற்று, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 150 முறை எரிய வேண்டுமே, வால்வு ஸ்பிரிங் எப்படி ஐயா தாங்கும் என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். வகுப்பறையில் நான் பாடம் எடுத்த காலத்தில் ஒருவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இந்தக் கிட்டும் ஒரு பாடமே என்பதையும் சொல்ல வேண்டும். பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்த நிலையில் வருகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய ஒரு கோடு ஓடும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. தடிமனான இடங்களில் பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்கிச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். மாணவர்கள் கோட்டைத் தேய்த்தெடுத்துப் பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பும்போதே, அச்சு செய்தவர் எந்தப் பக்கம் திறக்கும்படி அதை அமைத்தார் என்பதையும் யோசிக்கப் பழகிவிடுகிறார்கள். குரோம்போல் மின்னும் பாகங்களில் ஒட்டுப் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். அது மின்முலாம் அல்ல, வெற்றிடக் கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த படலம் என்று சொன்னபோது, அப்படியானால் மின்முலாம் எப்படி வேறுபடுகிறது என்ற கேள்வி தானாக வந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில், அந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நுணுக்கம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஸ்போக்கைச் சொல்வேன். உண்மையான வண்டியில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்போக், 12இல் 1 பங்கு அளவில் கால் மில்லிமீட்டராகிவிடும். அதை நிஜக் கம்பியில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற ஒரு மாணவரை, நகைப்பட்டறை ஆசாரி ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். கழுத்துரு என்னும் செட்டிநாட்டுத் தாலி நகையைச் செய்து பழகிய கை அவருடையது. துளைப்பலகையின் ஒவ்வொரு துளையாக இழுத்து, இடையிடையே கம்பியைச் சுட்டு இளக்கி, வேண்டிய கனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் சிறுசாமணம் என்னும் இடுக்கியால் கம்பியைப் பிடித்து ரிம்மின் துளையில் எப்படிச் செருகுவது, நுனியை எப்படி மடக்குவது என்று அந்தப் பையனுக்குக் காட்டினார். ஒரு சக்கரம் முடிவதற்குள், இழுவிசை ஒருபக்கம் கூடினால் ரிம் கோணலாகிவிடும் என்பதை அவன் விரல்களே அறிந்துகொண்டன. மிதிவண்டிக் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பவரின் வேலையும் இதே விதிப்படிதான் நடக்கிறது என்பதையும் அவனே கண்டுபிடித்துச் சொன்னான்.

வண்ணப்பூச்சிலும் இதே கட்டுப்பாடு உண்டு. மாடலின் மீது பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வண்ணம் படிந்தால், நிஜ வண்டியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் அப்பியதுபோல் தோன்றும்; ரிவெட்டின் தலையும், காற்றைக் கிழித்துப் போக வண்டியின் முன்புறத்தை மூடும் ஃபேரிங்கின் விளிம்பும் மழுங்கிப்போகும். எனவே ஏர்பிரஷில் மிகவும் நீர்த்த வண்ணத்தைப் பல முறை மெல்லத் தூவி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் ஈரமான வாட்டர் பேப்பரால் தேய்த்து, அடுத்ததை இட வேண்டும். வெள்ளி நிறத்துக்கு அடியில் பளபளப்பான கறுப்பு பூசப்பட்டிருந்தால்தான் அது உலோகமாகத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. கீழ்ப்பூச்சு கரடாகவும் மேலே போகப் போக நைசாகவும், கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றியும் செய்த கொத்தனார்கள், அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும் என்பதை அறிந்திருந்தார்கள்.

உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் வரி தேவைதான் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை செய்பவரும், கர்நாடகத்துச் சன்னபட்டணாவின் மரக்கடைசல்காரரும் மலிவான இறக்குமதியால் நசுங்கிவிடக் கூடாது. ஆனால் ஆர்சி 166 கிட்டை விலைகூட்டி வைப்பதால் இவர்களுக்கு ஒரு பொம்மைகூடக் கூடுதலாக விற்காது. இந்த நுணுக்கத்தில் இங்கேயே தயாரான பந்தய மோட்டார்சைக்கிள் கிட் எதையும் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பார்த்தால் முதல் ஆளாக வாங்குவேன். அப்படியொன்றைத் தயாரிக்கும் அச்சுக் கலைஞர் இந்த நாட்டில் உருவாக வேண்டுமானால், அவர் முதலில் நல்ல கிட் ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

சட்டத்திலேயே இதற்கு வழியும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருளையே பொம்மை என்று வரையறுக்கிறது. கூரிய கத்தியும் கரைப்பான் கலந்த பசையும் இல்லாமல் செய்து முடிக்க இயலாத ஒரு கிட்டை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது பொருந்தாது. மேலும், கல்வியிலும் கண்காட்சியிலும் செய்துகாட்டுவதற்கான மாதிரிகளுக்குச் சுங்க அட்டவணையில் 9023 என்ற தனித் தலைப்பு ஏற்கெனவே உள்ளது. அவற்றுக்குப் பொம்மையின் 70 விழுக்காடு பொருந்துவதில்லை. அவ்வாறே 14 வயதுக்கு மேற்பட்டோருக்கென விற்கப்படும், பிரித்த பாகங்களாக வரும் ஸ்கேல் மாடல் கிட்டுகளுக்கும் 9503க்குள் ஒரு தனி உட்பிரிவை ஏற்படுத்தி, குறைந்த வரி விதிக்கலாம். தரக் கட்டுப்பாட்டு ஆணை இவற்றுக்குப் பொருந்தாது என்று ஒரு சுற்றறிக்கையும் வெளியிட்டால், துறைமுகங்களிலும் அஞ்சல் நிலையங்களிலும் பெட்டிகள் தேங்கிக் கிடக்கும் நிலை மாறும்.

நம் பகுதி மாணவர்களில் பலர் படிப்பை முடித்துவிட்டு ஓசூரிலும் ஒரகடத்திலும் இருக்கும் மோட்டார்சைக்கிள் ஆலைகளுக்குத்தான் வேலை தேடிப் போகிறார்கள். சிவகங்கைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இந்தக் கோரிக்கையை நிதி அமைச்சகத்தின் கவனத்துக்குக் கொண்டு சென்று, அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பாக அட்டவணைத் திருத்தமாக முன்வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, நமது பாலிடெக்னிக் கல்லூரிகள் தம் பணிமனைக் கருவிகளுக்கான ஒதுக்கீட்டிலிருந்து ஆண்டுக்கு ஓரிரு கிட்டுகளையாவது வாங்கி மாணவர் குழுக்களிடம் கொடுக்கலாம். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். கம்பி இழுத்துக் கொடுத்த ஆசாரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பணிமனைப் பயிற்றுநர்,
காரைக்குடி.