போலீஸ் ஏறுவது எப்போதும் கேபினுக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆபாசக் காட்சிகளுக்காக 25 செயலிகளையும் இணையதளங்களையும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2025 ஜூலையில் முடக்கிய செய்தியைப் படித்தேன். அவை எல்லாவற்றின் பேரையும் கட்டம் கட்டி வேறு போட்டிருந்தீர்கள். கோபியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கடைக்கு வந்த இளவட்டங்கள் அந்தப் பக்கத்தைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைக்கு முன்னால் பல வருடம் நான் சினிமா ஆபரேட்டர். அந்தக் காலத்தில் சில தியேட்டர்களில் காலைக் காட்சிக்குச் சென்சார் ஆன படம் ஒன்று ஓடும். இடைவேளைக்கு அப்புறம் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பிட்டு, அதாவது ஆபாசத் துண்டு, வரும். அது ரீல் பெட்டியில் இருக்காது. விநியோகஸ்தரின் ஆள் மடியில் வைத்துக் கொண்டுவருவார், காட்சி முடிந்ததும் உருவிக்கொண்டு போய்விடுவார். சான்றிதழ் வாங்கிய படத்தில் அப்படி ஒட்டுப் போடுவது 1952-ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி குற்றம். போலீசும் வரும். வந்தால் நேரே, ஆபரேட்டர் படம் ஓட்டும் கேபினுக்குத்தான் ஏறும். பிட்டில் வரும் பெண்ணை என்ன சொல்லிக் கூட்டிவந்து எடுத்தார்கள், பிரின்ட் போட்ட லேப் எது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்து ஊரில் ஒரு முறை ஆபரேட்டரும் டிக்கெட் கிழிக்கிறவரும் உள்ளே போனார்கள். முதலாளி வெளியூர் என்று எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அவரை டீக்கடையில் நானே பார்த்தேன். அடுத்த வாரம் போஸ்டர் மாறியது, பிட்டு அதேதான்.

இப்போதும் ரெய்டு அப்படித்தான் நடக்கிறது. 2015-இல் 857 தளங்களை மூடச் சொன்னார்கள், எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொல்லி மறுபடி 800-க்கும் மேல். 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளங்கள். ஒன்றை மூடினால் முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாளே திறக்கிறார்கள். மூடிய தளத்தைச் சுற்றுவழியில் திறக்கும் விபிஎன் போடுவது எட்டாவது படிக்கிற பையனுக்கே தெரியும்.

மூடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளை வைத்து எடுத்ததை ஒருவன் கைபேசியில் வைத்திருந்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று அதைத் திருத்தியது சரியான வேலை. பெரியவர்கள் தங்கள் வீட்டுக்குள் எதைப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தன் சம்மதமில்லாமல் படமாகி ஊர் சுற்றும் பெண்ணுக்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவு, பாலியல் காட்சியை வெளியிட்டவருக்கு மட்டுமில்லை, அனுப்பியவருக்கும் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம் என்கிறது. வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதும் அனுப்புவதுதான். ஆனால் 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வீடியோ நம் பக்கத்துக் குரூப்புகளில் எப்படிப் பறந்தது என்று எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்குப் புகார் கொடுத்த பெண்ணின் பேரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பேட்டியில் சொன்னார், அரசாணையிலும் அச்சிட்டார்கள். அதற்கு 25 லட்சம் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. 2025 மே 13-ஆம் தேதி அந்த வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது, சந்தோஷம். அந்த வீடியோவைப் பரப்பியவர்கள் நம்மோடுதான் கல்யாண விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் அம்மாவோடு கடைக்கு வந்தார். நிச்சயம் செய்து, பிறகு வேண்டாமென்று விட்ட மாப்பிள்ளை அவர் படத்தை ஏதோ தளத்தில் ஏற்றிவிட்டான். "ஏனுங்கண்ணா, பேரு போடாம எழுதிக் குடுக்க முடியுங்களா?" என்றார். அதற்கு முன்பே ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். "நீ எதுக்கும்மா எடுக்க விட்டே?" என்று கேட்டுவிட்டு, லிங்க் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பயத்தில் அதை அழித்துவிட்டிருந்தார்.

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் இப்படிப்பட்ட படத்தைத் தளத்திலிருந்து நீக்கவேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 2025-இலும் இருந்தது. இருந்தும் 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரே உயர் நீதிமன்றம் போய்த்தான் தன் படத்தை நீக்க 48 மணி நேரக் கெடு வாங்க முடிந்தது. செக்கிங் வேலை பார்ப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

அடுத்த முறை செயலிகளின் பேரை விட்டுவிட்டு இதைக் கட்டம் கட்டுங்கள்: லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்கக்கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பேர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அப்படித் தந்தால் அது என்ன ஆனது என்று பின்னால் பார்க்க முடியாது, பேரோடு தந்தால் பார்க்கலாம். அப்புறம் உங்கள் ஈரோடு, திருப்பூர், கோவை நிருபர்கள் எஸ்.பி., கமிஷனர் அலுவலகங்களில் ஒன்று கேட்டுச் சொல்லட்டும். இந்த வருடம் இப்படி எத்தனை புகார் வந்தது, எத்தனை படம் நீங்கியது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது?

இப்படிக்கு,
முன்னாள் தியேட்டர் ஆபரேட்டர்,
கோபிசெட்டிபாளையம்.
(பேர் வெளியிட வேண்டாம்)